பழைய எம்டி 90க்குக் கம்ப்ரஷன் கேஜ்: எதைப் பார்த்து வாங்குவது

யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் திருகுவகைக் கம்ப்ரஷன் கேஜ் (என்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் மீட்டர்), பழைய ஹொண்டா மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பிரயோசனமான சாமான்தான். ஆனால் எம்டி 90, சி90 எதுவானாலும் உங்கள் என்ஜினின் பிளக் துளை எத்தனை மிமீ என்று முதலில் பாருங்கள். அதற்குப் பொருந்தும் அடப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

அடுத்தது கேஜின் வால்வு ஊசி, ஏறிய அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துவைப்பது. அது பிளக் துளைக்குள் போகும் நுனியில் இருக்கவேண்டும். மேலே, மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் ஹோஸுக்குள் இருக்கும் காலி இடமும் எரியறையோடு சேர்ந்துவிடும். கார் என்ஜினில் அது பெரிதாகத் தெரியாது. 90 சிசியில் எரியறையே சின்னது, நல்ல என்ஜினும் செத்த என்ஜின் மாதிரிக் காட்டும். ஊசி பழுதானால் ரயர் ஊசி போடவேண்டாம். அதன் ஸ்பிரிங் கடினம், அளவு குறையும். எனக்கு இந்த வகையில் இதுதான் பெரிய குறை: பெட்டியில் மேலதிக ஊசி வருவது அரிது.

அளப்பதற்கு முதலில் என்ஜின் வால்வு இடைவெளி 0.05 மிமீ வையுங்கள். இறுகியிருந்தால் அதுவே கம்ப்ரஷனைத் தின்னும். என்ஜினைச் சூடாக்கி, அடப்டரைக் கையாலேயே திருகி (அலுமினியப் புரி!), திரொட்டிலை முழுதாகத் திறந்து, கேஜ் முள் ஏறாமல் நிற்கும்வரை கிக்கரை உதையுங்கள். 150 பிஎஸ்ஐ தாண்டினால் நல்லது. 100க்குக் கீழே என்றால் பிளக் துளைக்குள் 2 மில்லி என்ஜின் ஒயில் விட்டுத் திரும்ப அளக்கவும். ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போரில் பழுது. ஏறாவிட்டால் என்ஜின் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட்டில் பழுது. ஒயில் கூடினால் அதுவே இடத்தை அடைத்து அளவை உயர்த்திக் காட்டும்.