மூன்று துளை, மூன்று வருடம்: என் சியாங் மாய் பத்தி ஸ்டாண்ட்

பாங்காக்கில் குடியேறிய புதிதில் சந்தையில் ஒரு பீங்கான் ஊதுபத்தி ஸ்டாண்ட் வாங்கினேன். அச்சில் வார்த்தது, பளபளவென்று இருந்தது. ஆறே மாதத்தில் துளையோரம் பெயர்ந்துவிட்டது. அடுத்து வட தாய்லாந்தின் சியாங் மாய் போனபோது சன்கம்பேங் சாலையில் இருக்கும் ஒரு சிலடான் (பச்சைப் பூச்சுள்ள மட்பாண்டம்) பட்டறைக்கே நேராகப் போய்விட்டேன். அங்கே வாங்கிய தாமரைக் கிண்ணத்தில்தான் மூன்று வருடமாகத் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு பத்தி எரிகிறது.

பாதி காய்ந்த கிண்ணத்தை மடியில் வைத்து, சின்னக் கத்தியால் ஒரு அம்மா இதழ் செதுக்கிக்கொண்டிருந்தார். முன்கூட்டி வரைந்த கோடு எதுவும் இல்லை. துளை மட்டும் பத்திக் குச்சியைவிட நன்றாகப் பெரிதாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். சூளையில் மண் சுருங்கும், அதோடு துளையும் சுருங்கும் என்றார். கிளேஸில், அதாவது சுட்டதும் கண்ணாடிபோலப் படியும் பூச்சில், முக்கி எடுத்ததும் ஒவ்வொரு துளையையும் குச்சி விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். விட்டால் கிளேஸ் உருகித் துளையை அடைத்துவிடும். அதனால் வாங்கும்போது வேலைப்பாட்டை அப்புறம் பாருங்கள், முதலில் துளைக்குள் பாருங்கள்.

அந்தப் பச்சை பெயின்ட் இல்லை. மரச்சாம்பல் கலந்த கிளேஸில் இருக்கும் துளி இரும்பு, சுமார் 1,250 டிகிரி சூட்டில், காற்றைக் குறைத்துச் சுடும்போது அப்படி மாறுகிறது. காற்று கூடினால் பழுப்பு மஞ்சளாகிவிடும். 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை தாய்லாந்தின் சி சச்சனாலை ஊர்ச் சூளைகளில் செய்த இந்த வகைப் பச்சைப் பாத்திரங்கள் கப்பலேறி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை போயிருக்கின்றன.

இனி குறை. தாய்லாந்துப் பத்திக்கு அளவான துளை இது. நம்மூர் மெல்லிய குச்சி சாய்ந்து, சாம்பல் மேசையில் கொட்டியது. துளைக்குள் சிட்டிகை மணல் போட்டேன், நிமிர்ந்து நிற்கிறது.

மேற்பரப்பில் முடிபோல ஓடும் கோடுகளை விரிசல் என்று பயப்பட வேண்டாம். ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்குவதால் வருபவை. பத்தியின் எண்ணெய்ப் புகை அவற்றில் இறங்கி, இப்போது தேன் நிறமாகிவிட்டது. சமையல் சோடா போட்டுத் தேய்த்தால் மேல்கறை போகிறது, கோட்டின் நிறம் போகாது. போகவும் வேண்டாம். புதிதில் இருந்ததைவிட எனக்கு இப்போதுதான் இது அழகாகத் தெரிகிறது.

தாய் மொழியில் பத்திக்குப் பெயர் 'தூப்'. நம் தூபமேதான்! புத்தர், தம்மம் (அவர் போதனை), சங்கம் (துறவிகள் கூட்டம்) என்று மூன்று ஏற்றுவார்கள், மூன்று துளை அதற்குத்தான். ஒற்றைப் பத்தி இறந்தவர்களுக்கு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அன்றிலிருந்து தினசரி இரண்டும் ஓரத் துளைகளில். நடுத்துளையில் அப்பாவின் திதியன்று மட்டும் ஒன்று. அதைச் சுற்றியுள்ள கோடுகள் இன்னும் வெளிறியே இருக்கின்றன.