ரியூசன் வகுப்பா, வீட்டுப் படிப்பா?

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல பெற்றோர் பிள்ளையை மாலை வகுப்புக்கு அனுப்புவதா, வீட்டிலேயே கற்பிப்பதா என்று தடுமாறுகின்றனர்.

செலவு: வகுப்புக்கு மாதக் கட்டணமும் முச்சக்கர வண்டிக் கூலியும் சேரும்; வீட்டில் கடந்தகால வினாத்தாள்களே போதும்.

களைப்பு: பாடசாலை விட்டதும் சீருடையைக்கூட மாற்றாமல், காலி வீதி என்னும் பெருஞ்சாலையின் நெரிசலில் வண்டிக்குள்ளேயே சோற்றுப் பார்சலை உண்டு வகுப்புக்குப் போகும் 10 வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் உறக்கமும் பறிபோகின்றன என்பதே என் பெருங்கவலை. வீட்டிலென்றால் சற்று உறங்கி எழுந்து படிக்கலாம்.

உறவு: இதில் வகுப்பே மேல். பிழைவிட்டதும் அதட்டும் பெற்றோரிடம் கற்கும் பிள்ளை, தெரியாததைக் கேட்கவே அஞ்சும்.

பொறுமையும் மாலையில் ஒரு மணி நேரமும் உள்ளவர்களுக்கு வீட்டுப் படிப்பு பொருந்தும். பெற்றோர் இருவரும் வேலை முடிந்து இரவில் திரும்பும் குடும்பத்துக்கு, நடந்து செல்லும் தூரத்திலுள்ள சிறிய வகுப்பு, அதுவும் வாரத்தில் இரு நாள் மட்டும், நல்லது.