சி.டி.எம்., யு.டி.எம்.: பல வருடம் ஓட்டியபின் கதவைப் பற்றிக் கொஞ்சம்

கட்டுமானப் பொருள் சோதனைக் கூடத்தில் 2000 கிலோநியூட்டன் (சுமார் 200 டன்) சி.டி.எம். (கான்கிரீட்டை அமுக்கி உடைக்கும் மெஷின்), 1000 கிலோநியூட்டன் யு.டி.எம். (கம்பியை இழுத்து அறுக்கவும் பயன்படும் மெஷின்) இரண்டோடும் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். துல்லியம், சாஃப்ட்வேர், சர்வீஸ் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது பாதுகாப்பு, அதிலும் சில்லு வெளியே தெறிக்காமல் மெஷினை மறைக்கும் கதவு.

150 மி.மீ. எம்25 க்யூப் (எம்25 என்ற வலுத் தரத்தில் வார்த்த கான்கிரீட் கனசதுரம்) உடைய 60, 70 டன் ஏறும். உடைவதில் பெரிய ஆர்ப்பாட்டம் இருக்காது. ஓரங்கள் பொரிந்து உடுக்கை வடிவில் நடுப்பகுதி மிஞ்சும். இன்னும் வலுவான எம்60 என்றால் கதை வேறு. 1350 கிலோநியூட்டன் தாண்டும்போது மெஷினின் தூண்களே நூலளவு நீண்டிருக்கும். க்யூப் விட்டுக்கொடுத்த நொடியில் அவை பழைய நீளத்துக்குத் திரும்ப, தேங்கிய ஆற்றல் மொத்தமும் க்யூப் மேல் இறங்கும். வெடிச் சத்தத்தோடு சில்லுகள் நாலாபுறமும் பறக்கும்.

எங்கள் மெஷினோடு வந்தது கம்பி வலைக் கதவு. பெரிய ஜல்லியைத் தடுக்கும். சின்னச் சில்லு வலைக்கண் வழியே வந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு க்யூபுக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். வார்த்து 28 நாள் ஆகி உடைக்க வந்த க்யூப்கள் வரிசை கட்டி நிற்கும் காலையில் யார் மாட்டுவார்கள்? கதவு சுவரில் சாய்ந்தே கிடந்தது. பிறகு நகர்த்தி மூடும் பாலிகார்பனேட் கதவு போட்டோம். மூடாவிட்டால் சுமை ஏற்றும் எண்ணெய் பம்ப் ஓடாதபடி ஒரு சுவிட்ச். அதற்குப் பின் யாரையும் அதட்ட வேண்டி வரவில்லை.

ஷீட் வாங்கும்போது உஷார். அக்ரிலிக்கை பாலிகார்பனேட் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அக்ரிலிக் அடிபட்டால் தானே சில்லாகப் பறக்கும். நல்ல பாலிகார்பனேட்டும் தின்னர், அசிட்டோன் போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விட்டு வலுவிழக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

யு.டி.எம்.முக்கு வருவோம். 25 மி.மீ. டி.எம்.டி. கம்பி (கான்கிரீட்டுக்குள் போடும் முறுக்குக் கம்பி, எஃப்.இ. 500 தரம்) அறுபட 27 டன்னாவது வேண்டும். யீல்டு (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் கட்டம்) வந்ததும் மேலே படிந்த கருஞ்செதில் பொரிந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் எட்டிப் பார்க்கக் கூடாது. அறும் அதிர்ச்சியில் ஜா (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் தாடை) துண்டுகள் எகிறும், தடுப்புத் தகடு அவசியம். ஆனால் எனக்குப் பயம் கம்பி அறும்போது இல்லை, ஜாவை மூடும்போதுதான். கம்பியைப் பிடிப்பவர் ஒருவர், பட்டன் அழுத்துபவர் இன்னொருவர் என்றால் விரல் போய்விடும். எங்களிடம் இரண்டையும் ஒரே ஆள்தான் செய்வார்.

பிரீஸ்ட்ரெஸ் ஸ்டிரான்ட் (கான்கிரீட்டை முன்கூட்டி இறுக்கப் போடும், பல இழை முறுக்கிய எஃகு வடம்) இன்னும் மோசம். 12.7 மி.மீ. ஏழிழை ஸ்டிரான்ட் 183 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்க வேண்டிய பொருள். ஓர் இழை அறுந்ததும் சோதனை முடிந்தது என்று கதவைத் திறக்கக் கூடாது. மற்ற ஆறிலும் சுமை நிற்கிறது. முழுக்க இறக்கிய பிறகே கிட்டப் போகலாம்.

ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்த எண்ணெய் ஓடும் குழாய்) கசிந்தால் விரலால் தடவாதீர்கள். ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே அறுவை சிகிச்சை வரை போகிற காயம். பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, அப்புறம் பாருங்கள்.

புது மெஷின் வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் கதவு ‘ஆப்ஷனல்’ என்று இருந்தால் அதையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். டெமோவில் உங்கள் ஆள் ஒருவரை விட்டு க்யூபை வைத்து, கதவை மூடி, திறந்து எடுக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த மாடல் வேண்டாம்.