அவசரப் பை: ஆண்டுக்கணக்கில் சுமந்த பிறகு தேறியவையும் தேறாதவையும்

பயணத்தில் தாமதமோ அவசரமோ வந்தால் சமாளிப்பதற்கென்று ஒரு சிறு பையைத் தனியாகத் தயார் செய்து, பல ஆண்டுகளாக எல்லாப் பயணங்களுக்கும் எடுத்துப் போகிறேன். விமானம், ரயில், இரவு பஸ் எல்லாவற்றிலும் அது கூடவே வந்திருக்கிறது. தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான்; ஒரு ஜிப், உள்ளே இரண்டு அறைகள், தோளில் மாட்ட ஒரு பட்டை. இப்படிப்பட்ட பைகளுக்குப் பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் பொருட்களை வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அப்போது எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். மாத்திரை காலாவதியாவதும், பேட்டரி தளர்வதும், காகிதம் மடிப்போடு கிழிவதும், அதில் எழுதிய தொலைபேசி எண்ணே மாறிப்போவதும் பிறகுதான் தெரியவரும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பைக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. பை எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. நெருக்கடி நேரத்தில் கைக்கு எட்டாத பொருள் வீட்டிலேயே விட்டுவந்த பொருளுக்குச் சமம். விமானம் நிரம்பியிருக்கும் நாளில், உள்ளே கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்த கைப்பெட்டியையே ஏறும் வாசலில் வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னால் வரிசை நெருக்க, முன்னால் ஊழியர் பெட்டியில் சீட்டைக் கட்டிக்கொண்டிருக்க, அந்த அரை நிமிடத்தில் மாத்திரை எங்கே, பவர் பேங்க் எங்கே என்று துழாவுவது நடக்கிற காரியமல்ல. பவர் பேங்க் சரக்குப் பகுதிக்குப் போகவே கூடாது என்பது விமானப் போக்குவரத்தில் உலகெங்கும் உள்ள விதி என்பதால், அதைக் கட்டாயம் வெளியே எடுத்தாகவும் வேண்டும். எல்லாம் ஒரே பையில் இருந்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும்.

ஒருமுறை இணைப்பு விமானம் ரத்தாகி, பெட்டிகளும் கைக்குக் கிடைக்காமல், பயணிகள் எல்லோரும் முனையத்திலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. என் பக்கத்து இருக்கைகளில் வயதான கணவனும் மனைவியும். மாத்திரை நேரம் வந்ததும் அந்த அம்மாள் கேட்டார்: “ஏங்க, பிரஷர் மாத்திரையை எதில் வைத்தீர்கள்?” “பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில்தான் வைத்தேன்” என்றார் அவர். அதன் பிறகு கவுண்டருக்கும் இருக்கைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மருந்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. “சின்ன வெள்ளை மாத்திரை, அட்டையில் நீலக் கோடு போட்டிருக்கும்” என்று ஊழியரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதுவும் எழுதித் தர முடியாது.

அதனால் பையில் முதலிடம் ஒரு தாளுக்கு. ஏ4 தாளின் ஒரு பக்கம் போதும். பாஸ்போர்ட் எண், டிக்கெட் முன்பதிவு எண், காப்பீட்டு பாலிசி எண், அந்த நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண், முதல் நாள் தங்கும் இடத்தின் முகவரி, ரத்த வகை, ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அது, இரண்டு உறவினர்களின் தொலைபேசி எண்கள். கூடவே சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும். நிறுவனம் வைத்த வணிகப் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. அது எல்லைக்கு எல்லை மாறும். அட்டையில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைத்தான் (ஜெனரிக் பெயர்) எழுத வேண்டும்.

இந்தத் தாளை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நீண்ட நாள் பயன்பாட்டில் அது சரிப்படவில்லை. ஓர் எண் மாறினாலும் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால், பழையதே பையில் தங்கிவிடும். ஒளி ஊடுருவும் ஜிப் உறையில் சாதாரணத் தாளும், கூடவே ஒரு பேனாவும் இருப்பது எவ்வளவோ மேல். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்பவர்கள் 2024 ஜூலை 19ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. அன்று சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்து பவர் பேங்க். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையில் வேகமாக வயதாகும் பொருட்களில் இதுவும் ஒன்று. உறையில் 10,000 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர் மணி, மின்கொள்ளளவின் அலகு) என்று போட்டிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது, மாற்றத்தில் போகும் இழப்பையும் கழித்தால், 6,000 முதல் 6,500 வரைதான் கைக்கு வரும். புதிதாக இருக்கும்போதே இவ்வளவுதான். ஆண்டுகள் போகப் போக இதுவும் குறையும். விமானத்துக்கான வரம்பு வாட் மணிக் கணக்கில் இருக்கிறது (எம்.ஏ.எச். எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது). 100 வாட் மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட் மணி என்பதால், அதைவிடப் பெரியதைத் தேடிப்போவதில் அர்த்தமில்லை. 2025 முதல் பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டன. ஆகவே ஏறுவதற்கு முன்பே போனை நிரப்பிக்கொள்வது நல்லது.

பயன்படுத்திய பிறகே தெரிந்த சில விஷயங்கள் உண்டு. பேட்டரிக்கு முன்பு கேபிள் போய்விடுகிறது. அதுவும் எப்போதும் கழுத்துப் பகுதியில்தான். பையில் உராய்ந்து உராய்ந்து பவர் பேங்கின் மேல் அச்சிட்ட அளவு விவரம் மங்கிவிடுகிறது. அந்த எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிக்காத இடங்கள் உண்டு. வாங்கிய அன்றே அந்த இடத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிட்டால் எழுத்து நிற்கும். முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில், அதிலும் வெப்பமான அறையில் கிடந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால் பயணம் இல்லாத நாட்களில் பாதியளவு வைத்திருந்து, புறப்படும் முதல் நாள் இரவு நிரப்புகிறேன். லேசாக உப்பியிருந்தால்கூட அதற்கு விடை கொடுத்துவிட வேண்டும். குப்பைத் தொட்டியில் அல்ல, மின்கழிவு வாங்கும் இடத்தில்.

போனைப் பொறுத்தவரை, பலரும் கவனிக்காத ஒன்று: சிக்னல் இல்லாத இடத்தில் அது கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும். அங்கே ஃபிளைட் மோடில் போட்டுவிடலாம்; அப்போதும் பெரும்பாலான போன்களில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் இணையம் இல்லாமலே வழி காட்டும். 112 என்ற அவசர எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஜி.எஸ்.எம். எனப்படும் மொபைல் தொழில்நுட்பத் தரத்திலேயே அது அவசர எண்ணாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், உலகின் பெரும்பகுதியில் மொபைலிலிருந்து அதை அழைக்கலாம்.

சரி, அந்தப் போனே தொலைந்துபோனால்? தாமதத்தைவிட இது பெரிய சங்கடம். டிக்கெட் மின்னஞ்சலில் இருக்கும். மின்னஞ்சலைத் திறக்க ஓ.டி.பி. கேட்கும். ஓ.டி.பி. தொலைந்த போனுக்குப் போகும். வங்கியிலும் இதே கதை. இந்தச் சுழலை உடைக்க, பெரிய மின்னஞ்சல் சேவைகள் பலவும் ஒருமுறை மட்டும் பயன்படும் மாற்றுக் குறியீடுகளைத் தருகின்றன. அவற்றைத் தாளில் எழுதி, எந்தக் கணக்குக்கு உரியவை என்று மட்டும் எழுதாமல் வைத்திருக்கிறேன். வீட்டார் ஒருவருடைய எண்ணையாவது மனப்பாடமாக வைத்திருப்பதும் அவசியம். போன் வந்த பிறகு நம்மில் பலர் கைவிட்ட பழக்கம் இது.

இரண்டாவது கார்டு ஒன்றும் பையில் இருக்கிறது. பர்ஸில் உள்ள கார்டு வேறு வங்கி, வேறு நெட்வொர்க். இத்தகைய மாற்றுக் கார்டுக்கு ஒரு குணம் உண்டு: பயன்படுத்தாமலே காலாவதியாகிவிடும். நீண்ட காலம் தொடாமல் விட்டால், சில வகைப் பரிவர்த்தனைகளை வங்கியே நிறுத்தி வைப்பதும் உண்டு. அதனால் புறப்படும் வாரத்தில் ஒரு சிறு தொகையைச் செலுத்திப் பார்த்துவிடுகிறேன். ரொக்கம் சின்ன நோட்டுகளாக இருக்கட்டும். மின்சாரம் போய் கார்டு இயந்திரம் அணைந்த நேரத்தில் பெரிய நோட்டுக்குச் சில்லறை தேடுவது தனி வேதனை.

மருந்தில் ஆளுக்கு ஆள் தேவை வேறுபடும் என்பதால் அதிகம் சொல்லப்போவதில்லை. அன்றாட மருந்து திட்டமிட்ட நாட்களுக்கு மேல் சில நாட்களுக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். அதன் அட்டையிலேயே, மருந்துச் சீட்டின் நகலோடு. அட்டையைப் பிரித்துச் சிறு டப்பாவில் போட்டு வைத்தால் அது என்ன மாத்திரை என்று எந்த அதிகாரிக்கும் நிரூபிக்க முடியாது. ஓரிடத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம் என்பதால், புறப்படுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். இன்சுலின் பயன்படுத்துபவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது; உறைந்துபோனால் பிறகு உதவாது. வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். தூள் பொட்டலம் என் பையில் நிரந்தரம். பொட்டலத்தில் போட்டிருக்கும் நீரளவை அப்படியே பின்பற்ற வேண்டும்: ஒரு லிட்டருக்கானதை ஒரு லிட்டரிலேயே கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். டம்ளர் நீரில் கொட்டிக் கெட்டியாகக் கரைத்தால் நன்மைக்குப் பதில் தீமைதான். வெப்பத்தில் நாள்பட இருந்தால் தூள் கட்டிபிடித்துப் பழுப்பாகும், அப்படியானால் மாற்றிவிடுகிறேன்.

பைக்குள் அடங்காத தயாரிப்பும் இருக்கிறது. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டவைத்துப் பயணம் செய்தால், முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. வராத பயணி என்று எழுதிவிட்டுப் பறந்துவிடும். ஒரே முன்பதிவில் இருந்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. மிச்சமாகும் பணத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், இடையில் ஓர் இரவாவது விட்டுக்கொள்வது நல்லது.

பெட்டி வராவிட்டால் வெளியேறுவதற்கு முன்பே கவுண்டரில் பி.ஐ.ஆர். எனப்படும், பெட்டி வராததற்கோ சேதத்துக்கோ ஆன அறிக்கையைப் பதிவு செய்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பல நாடுகள் ஏற்றுள்ள 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் அது கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தாமதமாக வந்திருந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்கள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்களாகியும் வராவிட்டால், தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம். இதற்கெல்லாம் பயன்படுவது என்னவோ பெட்டியை மூடுவதற்கு முன் எடுத்த ஒரே ஒரு புகைப்படம்தான்.

காப்பீடு பற்றி என் கருத்து கலவையானது. உடல்நலக் குறைவுக்கு அது அவசியம். அதில் பேச்சுக்கே இடமில்லை. தாமதத்துக்கோ, பெரும்பாலான பாலிசிகளில் குறிப்பிட்ட மணி நேரம் கடந்த பிறகே பணம், அதுவும் தாமதத்துக்கான காரணத்தை விமான நிறுவனம் எழுதிக் கொடுத்தால். புயல் வருகிறது என்று செய்தி வந்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி நாட்கணக்கில் மூடப்பட்டு, ஏறக்குறைய ஒரு லட்சம் விமானச் சேவைகள் ரத்தாயின. எரிமலைச் சாம்பல் ‘மோசமான வானிலை’யில் சேருமா சேராதா என்று அப்போது காப்பீட்டு நிறுவனங்களிடம் வழக்காட வேண்டியிருந்தவர்கள் பலர். விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு விதிவிலக்குப் பக்கத்தைப் படியுங்கள். சலிப்பூட்டும், ஆனாலும் படியுங்கள்.

பையிலிருந்து வெளியேறியவை: பல வேலைக் கத்தி (சோதனையில் போய்விடும்), காற்றடைக்கும் தலையணை (வால்வு கசிந்தது), சாதாரண பேட்டரி டார்ச். கடைசியாகச் சொன்னது உள்ளேயே பேட்டரி கசிந்து துருப்பிடித்தது. இப்போது சார்ஜ் செய்யும் தலைவிளக்கு ஒன்று இருக்கிறது. இருட்டில் இரண்டு கையும் சும்மா இருப்பது எவ்வளவு வசதி என்பது பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது தெரியும். உள்ளே வந்தவை: காதடைப்பான், மெல்லிய சால்வை, ஒரு ஜோடி காலுறை. முனையங்களில் இரவுக் குளிர் எந்த ஊரிலும் ஒன்றுதான், ஏசியை யாரும் குறைப்பதில்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை பையை மேசையில் கொட்டி, தேதி பார்த்து, எண்களைத் திருத்தி, மீண்டும் அடுக்குகிறேன். கால் மணி நேர வேலை. ஒவ்வொரு முறையும் எதையாவது எடுத்துவிடலாமா என்று பார்க்கும்போது கண்ணில் படுவது ஒரு பிளாஸ்டிக் விசில். இதுவரை ஊதியதே இல்லை. எடை சில கிராம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.