எல்லையைத் தள்ளுவதா, தரையை மாற்றுவதா? கோல்ஃப் திடல்களும் எங்கள் ஊர்ப் பொட்டலும்

பழைய திடல் புது ஆட்டக்காரர்களுக்குச் சின்னதாகிப் போவது கோல்ஃபில் பல வருடப் பஞ்சாயத்து. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பொட்டலுக்கு அது இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கோடை விடுமுறையில் சுழற்கோப்பைக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடத்துகிறோம். முன்பெல்லாம் ஒரு ஆட்டத்தில் நாலைந்து சிக்ஸ் விழுந்தால் பெரிது. இப்போது பின்புறம் குடைந்த, கனமே இல்லாத மட்டைகள் வந்துவிட்டன. தண்டால் எடுத்துத் தோளை ஏற்றிக்கொண்டு வரும் பையன்கள் அதை ஒரே ஓவரில் முடித்துவிடுகிறார்கள். பந்துவீச ஆள் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. திடலைத் திருத்தியே ஆக வேண்டும் என்று கமிட்டி கூடியபோது இரண்டு வழிகள் முன்னால் நின்றன. எல்லைக்கோட்டைத் தள்ளிப் போடலாம். அல்லது கோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆடுகளத்தையும் ஆடும் திசையையும் மாற்றலாம்.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அதற்காகக் கத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் திடலில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் நான். எதையும் தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்தே பார்த்துப் பழகிவிட்டது.

மூன்றாவது வழி ஒன்றும் பேச்சில் வந்தது: மட்டைக்கே கட்டுப்பாடு வைப்பது. கோல்ஃபின் விதிகளைத் தீர்மானிக்கும் இரண்டு அமைப்புகளும் 2023 டிசம்பரில் அந்த வழிக்குத்தான் வந்தன; அதிகத் தூரம் போகாத பந்துதான் இனி செல்லும் என்று அறிவித்தன. உலகம் முழுவதும் ஒரே விதிப் புத்தகம் இருப்பதால் அவர்களால் அது முடியும். நாங்கள் அப்படிச் சொன்னால் பக்கத்து ஊர் அணிகள் வேறு கோப்பைக்குப் போய்விடும். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இனி நீளம். 1980 வாக்கில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் முதல் அடி சராசரியாக 257 கஜம் போனது; இப்போது 300 கஜத்தைத் தொட்டு நிற்கிறது. பந்து தூரம் போனால் குழியையும் தூரம் கொண்டுபோ என்று தோன்றுவது இயல்பு. இதைப் பணத்தோடும் பிடிவாதத்தோடும் செய்துகாட்டிய இடம் அமெரிக்காவின் அகஸ்டா திடல். 1997-ல் 21 வயது டைகர் உட்ஸ் அங்கே மாஸ்டர்ஸ் பட்டத்தை 12 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். நாலு சுற்றுக்கும் சேர்த்து 270 ஷாட். இந்தத் திடலை இத்தனை ஷாட்டில் முடிக்கலாம் என்று விதித்த கணக்குக்கு 18 குறைவு; கோல்ஃபில் குறைய அடிப்பவருக்குத்தான் வெற்றி. அன்றைக்குத் திடலின் நீளம் 6,925 கஜம். 2002-ல் அதை 7,270 ஆக்கினார்கள், 2006-ல் 7,445. 13-ஆம் குழியை நீட்டப் பின்னால் இடமில்லை என்று பக்கத்துக் கிளப்பிடமே நிலம் வாங்கினார்கள். 2023-ல் அந்தக் குழி 35 கஜம் கூடியது. இன்றைக்கு மொத்தம் 7,500 கஜத்துக்கு மேல்.

இத்தனைக்கும் நடுவில், 2020-ல், டஸ்டின் ஜான்சன் 268 ஷாட்டில் முடித்து உட்ஸின் கணக்கையும் தாண்டினார். அந்த வருடம் போட்டி நவம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. தரை மெத்தென்று இருந்தது, விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே நின்றது. நீட்டாமல் விட்டிருந்தால் இன்னும் குறைந்த எண்ணிக்கை வந்திருக்கும் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அத்தனை வருடமாகச் சேர்த்த கஜங்களை ஒரு வாரத்து மெத்தென்ற தரை விழுங்கிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இதைவிடப் பளிச்சென்ற கணக்கு அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் இருக்கிறது. 2013-ல் மெரியன் என்ற பழைய திடலில் நடந்தது. நீளம் 6,996 கஜம். இன்றைய பையன்கள் இதைத் துவம்சம் செய்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே பேச்சு அடிபட்டது. ஜஸ்டின் ரோஸ் விதித்த கணக்குக்கு ஒன்று கூடுதலாக எடுத்து வென்றார். ஒருவர்கூடக் கணக்குக்குக் கீழே முடிக்கவில்லை. நாலு வருடம் கழித்து எரின் ஹில்ஸ் என்ற புதுத் திடல். நீளம் 7,741 கஜம். அங்கே புரூக்ஸ் கெப்கா 16 குறைவில் வென்றார். எரின் ஹில்ஸில் ஓடுபாதை, அதாவது பந்து விழ வேண்டிய வெட்டிய புல்வழி, அகலம்; மழையும் பெய்திருந்தது. மெரியனில் ஓடுபாதை ஒடுக்கம், ஓரத்தில் கணுக்காலை மூடும் புல், குழியைச் சுற்றிய தரை சரிவு. 745 கஜம் கூடுதலாக இருந்த இடம்தான் சுலபமாகப் போயிற்று.

இரண்டாவது வழிக்கு என் மனசுக்குப் பிடித்த சாட்சி பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் திடல். டொனால்ட் ராஸ் 1907-ல் மணல் பூமியில் அமைத்தது. பின்னாளில் வந்தவர்கள் எல்லா இடத்திலும் புல்லை வளர்த்துப் பச்சைப் பசேலென்று ஆக்கிவிட்டார்கள். 2010-லும் 2011-லும் திடல் வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் உள்ளே வந்து அந்தப் புல்லைச் சுமார் 35 ஏக்கர் அளவுக்கு உரித்துப் போட்டார்கள். கீழே இருந்த மணல் வெளியே வந்தது. கம்பிபோல் நிற்கும் பழைய புல்லை அதில் நட்டார்கள். தண்ணீர் தெளிக்கும் தலைகள் ஏறக்குறைய 1,150 இருந்தன. 450 ஆகக் குறைந்தன. தண்ணீர்ச் செலவு பாதிக்கும் கீழே போனது. 2014 அமெரிக்க ஓப்பன் அங்கே நடந்தபோது கணக்குக்குக் கீழே முடித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அடுத்த வாரமே பெண்கள் ஓப்பனும் அதே தரையில் நடந்தது. மிஷெல் வீ வென்றார். பராமரிப்பைக் குறைத்துக்கொண்டே ஆட்டத்தைக் கடினமாக்கிய திடல் இது. ஒரு புல்வெட்டிக்கு இதைக் கேட்டால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று மற்றவர்களுக்குப் புரியாது.

இனி எங்கள் பொட்டல். நடுக்களத்திலிருந்து எல்லைக்கோடு சுமார் 55 மீட்டர். சர்வதேச ஆண்கள் ஆட்டத்தில் இது 59.43 மீட்டருக்குக் குறையக் கூடாது, 82.29-ஐத் தாண்டக் கூடாது. "65-க்குத் தள்ளிருவோம்ணே, பத்து மீட்டர்தானே" என்றார் கமிட்டிப் பையன் ஒருவர். காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பார்த்தால் 55 மீட்டருக்கு 2.35 ஏக்கர் வருகிறது, 65-க்கு 3.28. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான புது நிலம். அந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து சிக்கல் ஆரம்பிக்கிறது.

கிழக்கே மணல்மேடு. இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் பிடித்து வைத்திருப்பதால்தான் அது நிற்கிறது. விளையாட்டுக்காக அதைச் சமப்படுத்துவது கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படியே தடை. தடை இல்லாவிட்டாலும் அதைத் தொட்டால் வாடைக் காற்றில் மொத்த மணலும் பொட்டலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேற்கே பனை. வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், வெட்ட எங்களுக்கும் மனசில்லை. மீதி இருப்பது சீமைக் கருவேலங்காடு.

கருவேலத்தை எடுப்பது பெரிய விஷயமில்லை. ஜேசிபி வைத்தால் ஒரு நாளில் தரை தெரிந்துவிடும், அதற்கான பணமும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் வந்துவிடும். என் சித்தப்பா ஒருவர் கேட்டது அதற்கு அடுத்த நாளைப் பற்றி: "தூரு உள்ள கெடந்தா ஐப்பசி மழைக்கு மறுபடி தழைக்கும்ல, அப்ப யாருப்பா வெட்டுவா?" தூரோடு தோண்டினால் குழி. குழியை மூடினால் அடுத்த மழைக்கு அமுங்கும். விதை வேறு மண்ணுக்குள் கிடக்கிறது, ஆடு மேயும்போது சாணத்தோடு புதிதாகவும் வந்து விழுகிறது. வெறுங்காலில் பந்து பொறுக்க ஓடும் சின்னப் பிள்ளைகளுக்காக வருடம் முழுவதும் முள் பொறுக்க வேண்டும். இது ஒரு வருடச் செலவில்லை. திடல் இருக்கிற வரைக்குமான செலவு.

அடுத்தது தண்ணீர். புது நிலம் உதிரி மணல். தரையில் அடித்த பந்து புதைந்து நின்றுவிடும். ஃபோர் என்பதே இல்லாமல் போய், தூக்கி அடிப்பவனுக்கே அது லாபமாக முடியும். மணலை இறுக்க வண்டலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. மணலில் தோண்டும் ஊற்றில் மேலாக நிற்பதுதான் நல்ல தண்ணீர். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். குடிக்கிற தண்ணீரைத் தரைக்கு ஊற்று என்று இந்த ஊரில் யாரிடம் போய்க் கேட்பது? உப்பைத் தாங்கும் கடலோரப் புல் ஒன்று இருக்கிறது, பாஸ்பேலம் என்பார்கள். வளைகுடாவில் அதோடுதான் எனக்குப் பிழைப்பு. அதைக் கொண்டுவந்து போட்டால் என்ன என்று என்னிடமே கேட்டார்கள். அது உப்பைத் தாங்கும், தாகத்தைத் தாங்காது. அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பினார்கள், நாங்கள் திருகைத் திறந்தோம். இங்கே அந்தக் குழாய் இல்லை.

மறுபக்கம் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆடுகளம் 22 கஜ நீளம், பத்தடி அகலம். சுமார் 61 சதுர மீட்டர். எல்லையைத் தள்ளினால் கூடும் நிலம் சுமார் 3,770 சதுர மீட்டர். பராமரிக்க வேண்டிய இடம் அறுபதில் ஒரு பங்காகிவிடுகிறது. கமிட்டியில் மற்ற வாதங்களுக்கெல்லாம் எதிர்வாதம் இருந்தது, இந்த அறுபதுக்கு யாரிடமும் இல்லை.

ஆகவே செய்தது இவ்வளவுதான். சிமென்ட் களத்தை உடைக்காமல் பயிற்சிக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் கண்மாய் வண்டல் கொட்டி, ஊற்றுத் தண்ணீர் தெளித்து உருளையோட்டி மண் களம் போட்டோம். சிமென்டில் டென்னிஸ் பந்து மார்பளவு எழும்பி, அடி என்று சொல்லி வந்து நிற்கும். மண்ணில் அதே பந்து முழங்காலுக்குத் தாழ்ந்து, ஒன்று நின்று வரும், ஒன்று சறுக்கும். பின்புறம் குடைந்த மட்டைக்குத் தாழ்ந்த பந்து சுகப்படாது. மெதுவாக வீசும் நடுவயசுக்காரர்கள் இரண்டு பேர் மறுபடி அணிக்குள் வந்துவிட்டார்கள். எனக்கு இதில்தான் திருப்தி.

இன்னொன்றுக்குக் காசே ஆகவில்லை. எங்கள் ஊரில் ஒரே முனையிலிருந்துதான் பந்துவீச்சு. இதுவரை அடிப்பவர் வடக்கு முனையில் தெற்கு பார்த்து நின்றார். வலது கைக்காரருக்குக் கால்பக்கம், அதாவது லெக் சைடு, கிழக்கு. கோடையில் அடிக்கும் கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, அதனால் சும்மா தூக்கிவிட்ட பந்தையும் அதுவே மணல்மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முனையை மாற்றினோம். இப்போது அவர் வடக்கு பார்த்து நிற்கிறார். பிடித்த பக்கம் அடித்தால் கச்சானை எதிர்த்துப் பந்து போக வேண்டும். எல்லையில் நிற்பவர் கைக்குள் வந்து விழுகிறது. சிக்ஸ் கண்ணில் படும்படி குறைந்திருக்கிறது.

ஆனால் இது ஒரே ஒரு கோடையின் கதை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மண் களம் எந்த நிலையில் இருக்கும் என்று பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஒரு போட்டி வைத்தால் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும்; கால்பக்கத்து அடிக்கு அதுவே துணையாகிவிடலாம், அப்போது மறுபடி முனை மாற்ற வேண்டியிருக்கும். காற்றை நம்பிய திடலுக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு: 2022-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடலோரத் திடலில் காற்று பெரிதாக வீசாத வாரத்தில் கேமரன் ஸ்மித் 20 குறைவில் வென்றார். ஒடுக்கம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில், புதர் நெருக்கும் டெல்லி கோல்ஃப் கிளப்பில் பெரிய ஆட்டக்காரர்களே அதிகத் தூரம் அடிக்கும் நீள மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் ஆடினார்கள். அப்படியும் டாமி ஃபிளீட்வுட் 22 குறைவில் முடித்தார்.

ஆர்.எஸ். மங்கலம் பக்கம் போல உள்நாட்டில், களிமண் தரையும் பக்கத்தில் தரிசும் இருக்கிற ஊர்க்காரர்கள் என்றால் தாராளமாகக் கோட்டைத் தள்ளுங்கள். அங்கே தரை தானாக இறுகும், என் கணக்கு பொருந்தாது.

எங்களுக்கு இப்போது மிச்சமிருக்கும் தலைவலி இடது கைக்காரர்கள். அவர்களுடைய கால்பக்கம் கிழக்கு, கச்சான் அவர்களுக்குப் பல்லக்குத் தூக்குகிறது. பக்கத்து ஊர் அணி ஒன்று இதைக் கண்டுபிடித்து மூன்று இடது கைப் பையன்களோடு வந்து இறங்கியது. களத்தை நாலு மீட்டர் மேற்கே நகர்த்தினால் கிழக்கு எல்லை 59-க்கு வந்துவிடும், மேற்கு 51 ஆகும். அங்கே காற்று எதிர்ப்பதால் அது பரவாயில்லை என்பது என் வாதம். ஆடியில் கமிட்டி கூடுகிறது. வண்டல் எடுக்கத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தாயிற்று.