மாதம் ஆயிரம்: மகளிர் உரிமைத் தொகை கிராமத்து வீட்டுக் கணக்கில் எப்படி வேலை செய்கிறது?

தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை ஒரு சேவையாக எடைபோட்டால், அதில் மிக உருப்படியான அம்சம் தேதிதான். 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஏறத்தாழ ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்த தொகை இது. மாதா மாதம் 15ஆம் தேதியை ஒட்டி வந்துவிடும் என்று நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைக்கலாம், தவணை பேசலாம். கூலி வேலை செய்யும் வீட்டில் வேறெந்த வருமானத்துக்கும் இந்தக் குணம் கிடையாது. நடவும் களையெடுப்பும் முடிந்தால் அடுத்த கூலி எப்போது என்று தெரியாது. நூறு நாள் வேலைச் சம்பளமோ 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் நின்றே போனது.

தொகை சிறியது, அதில் சந்தேகமில்லை. 2025-26இல் நூறு நாள் வேலைக்குக் கூலி 336 ரூபாயாக இருந்தது. மூன்று நாள் கூலிக்கு எட்டு ரூபாய் குறைவாக ஒரு மாதத்துக்குக் கிடைக்கிறது. ஆனாலும் அரிசி ரேஷனில் இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கிடைக்கிற மாநிலத்தில் இந்த ஆயிரத்துக்குத் தனி வேலை இருக்கிறது. சிலிண்டர், சர்க்கரை நோய் மாத்திரை, பிள்ளையின் நோட்டு, டியூஷன் என்று கையில் காசாக இருந்தால் மட்டுமே நடக்கிற செலவுகளுக்கு அது போகிறது.

பெரிய மாற்றத்தைக் கடனில்தான் பார்க்கலாம். ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய்க்கு, 10,000 வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 500. ஆயிரத்தையும் கட்டினால் மீதி 500 அசலில் கழியும். அடுத்த மாத வட்டி 475 ஆகும். இப்படியே போனால் பதினைந்தாவது மாதம் கடன் தீரும், மொத்தம் கட்டியது சுமார் 14,200. ஆனால் வட்டிக்கு விடுகிறவர் பெரும்பாலும் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கச் சம்மதிப்பதில்லை. “மொத்தமா கொண்டா, அதுவரைக்கும் வட்டியைக் கட்டு” என்பார். அப்போது 500 வட்டிக்கும் 500 சீட்டுக்குமாகப் பிரித்தால், அசல் சேரவே 20 மாதம் ஆகும். அதற்குள் வட்டி மட்டும் 10,000 போயிருக்கும். வீட்டில் ஒரு பவுன் நகை இருந்தாலும் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து வெளிக்கடனை முதலில் அடைப்பதே சரி. நகைக் கடனுக்குப் பகுதி பகுதியாகக் கட்டலாம், வட்டியும் பல மடங்கு குறைவு.

குழுக் கடன் இருக்கிற வீட்டில் கதை வேறு. வாரம் 500 கட்டும் பெண்ணுக்கு இந்தப் பணம் இரண்டு வாரத் தவணையோடு முடிந்துவிடும். இந்தத் தொகையை நம்பிப் புதிதாக ஒரு குழுக் கடன் எடுப்பதுதான் நாம் பார்க்கிற மோசமான பயன்பாடு.

இனி, எங்கே சிக்குகிறது? பெரும்பாலும் வங்கிக் கணக்கில். “ஆதார் குடுத்தாச்சே, ஏன் வரல?” என்ற கேள்விக்குக் காரணம் இதுதான்: அடையாளத்துக்காக ஆதார் நகல் கொடுப்பது ஒன்று, அரசுப் பணம் வந்து சேர ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறொன்று. இரண்டாவதற்குக் கிளையில் தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வங்கியோடு மட்டுமே அந்த இணைப்பு இருக்கும். கடைசியாக எங்கே இணைத்தீர்களோ, அதுவே செல்லும். பிறகு எதற்காகவோ வேறு வங்கியில் கணக்கு திறந்து அங்கே இணைத்திருந்தால், பணம் அந்த மறந்துபோன கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கலாம். மைஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். இ-சேவை மையத்திலும் பார்த்துத் தருவார்கள்; ஆதாரில் பதிந்த கைப்பேசியைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.

அடுத்தது பிடித்தம். முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று இந்தப் பணத்தில் கைவைத்தன. மாநில அரசு பகிரங்கமாகக் கண்டித்தது. குறுஞ்செய்திக் கட்டணம் பதினைந்து ரூபாய் போனாலே சிக்கல்தான்: இருப்பு 985, இயந்திரத்தில் ஐந்நூறு நோட்டு மட்டும், கைக்கு வருவது 500. கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் நான்கு முறை இலவசமாக எடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்க முடியாது.

ஊரிலேயே கைரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவர் பெரிய வசதி. ஆனால் களை பறித்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. கையைக் கழுவி ஈரம் துடைத்து வேறு விரலை வைத்துப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். ‘சர்வர் போயிடுச்சு’ என்று சொல்லிக் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால் ரசீதை வாங்காமல் நகராதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஏடிஎம்மில் நோட்டு வராமல் போனாலும் இதே விதிதான்.

தகுதி விதிகளில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கர் என்ற வரம்புகள் நியாயமானவை. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண் என்பதும், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்பதும்தான் உறுத்துகின்றன. இரண்டு மருமகள்களோடு ஒரே கூரையில், ஒரே மீட்டரில் இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு ஒன்றில் பங்கு குறைகிறது, மற்றதில் தகுதியே போய்விடலாம். 2023இல் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்தார்கள், இ-சேவை மையம் வழியாக. வழி சரிதான். ஆனால் நிராகரிப்புக் குறுஞ்செய்தி மகனின் கைப்பேசிக்கோ தொலைந்துபோன எண்ணுக்கோ போனால், அந்தக் கெடு முடிந்தபிறகே பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது. முடிவைத் தாளில் அச்சடித்து ரேஷன் கடையில் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.