பாட்டு வீடியோவுக்குக் கல்யாண ஸ்டுடியோவா, கையில் இருக்கும் போனா?

ரெக்கார்டிங்குக்கே பாதிக் காசு போய்விட்டது, மிச்சத்தில் வீடியோ எடுத்தாக வேண்டும் என்று நிற்கும் குழுவுக்கு டெல்டாவில் இரண்டு வழிதான். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவை ஒரு நாளைக்குப் பேசுவது, இல்லையென்றால் குழுவில் யாரிடமாவது இருக்கும் நல்ல போனில் நாமே எடுத்துவிடுவது. படம் எதில் நன்றாக வரும் என்றால் ஸ்டுடியோ கேமராதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காசுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். போன் என்றால் வெயில் சரியாக விழும் சாயங்காலமெல்லாம் நம்முடையது.

முதலில் ஸ்டுடியோ. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது, அந்த நொடியை விடாமல் பிடித்துப் பழகிய கை அவர்களுடையது. அதனால் நாதஸ்வரம், தவில், கீபோர்ட், டிரம்ஸ் என்று எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற வீடியோவாக இருந்தால் இரண்டு கேமராவோடு வரும் ஸ்டுடியோக்காரருக்கு ஈடே கிடையாது. ராத்திரி ஷூட்டிங்கும் அப்படித்தான், இருட்டில் போன் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். தேதிக்கு என் ஓட்டு ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, ஸ்டுடியோக்கள் சும்மா இருக்கும், வாடகையைத் தைரியமாகக் குறைத்துக் கேட்கலாம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்த வருடமாக இருந்தால் ஆற்றிலும் தண்ணீர் ஓடும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான், சம்பா வயலும் பனியும் அவ்வளவு அழகு, ஆனால் பருவமழையின் வால் எப்போது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆடியில் தொல்லை காற்றுதான், லைட் ஸ்டாண்டை ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்புறம், தவில்காரர் அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு ஓடிக்கொண்டிருப்பார், அவர் தேதியை முதலில் வாங்கிவிடுங்கள்.

போனில் பலர் மாட்டிக்கொள்வது ஃபிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறது என்பதில். நிறைய போன்கள் அதைச் சீராக வைப்பதில்லை, நாலு நிமிடப் பாட்டில் போகப் போகப் படமும் சத்தமும் விலகிவிடும். உதடு கொஞ்சம் விலகினால்கூடத் தப்பிக்கலாம், தவிலில் கை விழுவதும் அடி கேட்பதும் தனித்தனியாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்தான், அதில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று பூட்டி வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்காது. பகலில் இதே ஷட்டருக்கு வெளிச்சம் பொங்கும், லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, என்டி ஃபில்டர், ஒன்று வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் படத்தையும் சத்தத்தையும் பொருத்த ஒரு கைதட்டல், பாட்டை எல்லோருக்கும் கேட்கும்படி பெரிய ஸ்பீக்கரில் ஓட விடுவது, இந்த இரண்டும் இருந்தால் எடிட்டிங்கில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்லோமோஷன் வேண்டுமா? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதற்கே பாட வைத்து, 50 ஃபிரேமில் எடுத்து 25-ல் போடுங்கள். நடை மெதுவாகும், உதடு பாட்டோடு சேர்ந்தே இருக்கும்.

இடம் இரண்டு வழிக்கும் ஒன்றுதான். பெரிய கோயிலும் தாராசுரமும் தொல்லியல் துறையிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டியவை, சின்ன பட்ஜெட்டில் அதற்கு அலையாதீர்கள், கொள்ளிடக் கரை போதும். பூம்புகார் போனால் கடல் கிழக்கே என்பதை மறக்க வேண்டாம்: கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் காலையில் முகம் கறுத்துவிடும், சாயங்காலம்தான் முகத்தில் வெயில் விழும்.

ஒருவரோ இருவரோ பாடும் பாட்டு, ஆறு, வயல், வெயில் என்றால் நான் போனைத்தான் சொல்வேன். முழு மேளத்தோடு ஒரே மூச்சில் வாசிப்பதென்றால் கடன் வாங்கியாவது ஸ்டுடியோ. ஆனால் மெமரி கார்டில் இருப்பதையெல்லாம் வெட்டாமல் அப்படியே உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தர வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள், எடிட்டிங்கை டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே நீங்கள் செய்துகொள்ளலாம்.